உலோகத்தில் எழுதிய வரலாறு: பழைய வால்தர் பி.பி.கே கைத்துப்பாக்கி

வால்தர் பி.பி.கே 1931இல் ஜெர்மனியில் விற்பனைக்கு வந்த சிறு கைத்துப்பாக்கி. மொத்த நீளம் 155 மில்லிமீட்டர், குழலின் நீளம் 83 மில்லிமீட்டர். எஃகுச் சட்டம் கொண்டதன் எடை ஏறத்தாழ 590 கிராம். சட்டைக்குள் மறைத்து வைக்கக்கூடிய இந்த ஆயுதம் துரிங்கியா காட்டுப்பகுதியின் ஒரு சிறு நகரத்தில் பிறந்தது. பிறகு பிரான்சிலும், மேற்கு ஜெர்மனியிலும், அமெரிக்காவின் அலபாமா மாநிலத்திலும், இன்னும் சில இடங்களிலும் செய்யப்பட்டது. அதனால் பழைய பி.பி.கே ஒன்றை விலை பேசுபவர் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது அது எந்த ஊரில், எந்த ஆண்டில் பிறந்தது என்பதுதான். தேய்மானம், துரு, விலை எல்லாம் அதற்குப் பிறகுதான். பிறந்த ஊரைச் சொல்லும் சான்றுகள் துப்பாக்கியின் மேலேயே வெட்டப்பட்டிருக்கின்றன. விற்பவர் சொல்லும் கதையைவிட அவை நம்பத் தகுந்தவை.

அந்தச் சிறு நகரத்தின் பெயர் செல்லா-மேலிஸ். செல்லா சாங்க்ட் பிளாசி, மேலிஸ் என்ற இரண்டு ஊர்கள் 1919இல் ஒன்றாகி அந்தப் பெயரைப் பெற்றன. பக்கத்திலேயே சூல் நகரம். இரும்புத் தாதும், கரிக்கு வேண்டிய காடும், சம்மட்டிகளை இயக்க ஓடை நீரும் ஒரே இடத்தில் கிடைத்ததால் அந்த வட்டாரத்தில் துப்பாக்கித் தொழில் நூற்றாண்டுக் கணக்கில் வேரூன்றியிருந்தது. அன்ஷூட்ஸ் நிறுவனம் 1856இல் தொடங்கியது மேலிஸில்தான். கார்ல் வால்தர் 1886இல் செல்லாவில் ஒரு சிறு பட்டறை வைத்தார். வேட்டைக்கும் குறிபார்த்துச் சுடும் போட்டிக்கும் உரிய துப்பாக்கிகளே அங்கே முதலில் செய்யப்பட்டன. மகன் ஃபிரிட்ஸ் வால்தரின் தூண்டுதலால் 1908இல் நிறுவனத்தின் முதல் தானியங்கிக் கைத்துப்பாக்கி வெளிவந்தது.

இந்த வட்டாரத்துத் துப்பாக்கிகளுக்கு நம்பகம் தந்தது செய்தவரின் பெயர் மட்டுமல்ல, அரசின் சோதனைச் சாலையும்தான். விற்பனைக்குப் போகும் ஒவ்வொரு துப்பாக்கியையும் வழக்கத்தைவிட அதிக அழுத்தம் தரும் தோட்டாவால் சுட்டுப் பார்த்து, தாங்கியதற்கு மட்டும் முத்திரை குத்துவது ஐரோப்பாவின் பழைய வழக்கம். லண்டன் துப்பாக்கிக் கலைஞர் சங்கம் 1637இல் பட்டயம் பெற்றது. லியேஜ் நகரில் 1672இல் சோதனை கட்டாயமானது. பர்மிங்காமின் சோதனைச் சாலை 1813இல் வந்தது. ஜெர்மனி முழுவதற்குமான சட்டம் 1891இல் இயற்றப்பட்டு 1893இல் நடைமுறைக்கு வந்தது. சூலிலும் செல்லாவிலும் சோதனைச் சாலைகள் இயங்கின. புகையற்ற வெடிமருந்துக்கான சோதனையில் தேறிய துப்பாக்கியில் மணிமுடியும் அதன் கீழே என் என்ற ரோமானிய எழுத்தும் பொறிக்கப்பட்டன. 1939இல் சட்டம் மாறியதும் முடி இருந்த இடத்தில் கழுகு வந்தது.

இந்தச் சிறு மாற்றம் இன்று வாங்குபவருக்கு ஒரு நாட்காட்டி. முடியும் என் எழுத்தும் உள்ள பி.பி.கே போருக்கு முன்னதாகவோ போரின் தொடக்கத்திலோ செய்யப்பட்டது. கழுகும் என் எழுத்தும் இருந்து, ஊர்ப் பெயர் செல்லா-மேலிஸ் என்றிருந்தால் அது 1940க்கும் 1945க்கும் இடைப்பட்டது. தொடர் எண்ணும் இதற்கு ஒத்துப்போக வேண்டும். பி.பி, பி.பி.கே இரண்டுக்கும் பொதுவான எண் வரிசை 750000க்கு அருகில் தொடங்கிப் பத்து லட்சத்தை எட்டியதும், எண்கள் மறுபடி சிறியனவாகத் தொடங்கின. அப்போது பி.பி எண்ணின் கடைசியில் பி எழுத்தும், பி.பி.கே எண்ணின் கடைசியில் கே எழுத்தும் சேர்க்கப்பட்டன. கே எழுத்துள்ள எண்ணோடு ஒரு துப்பாக்கியை 1932ஆம் ஆண்டுப் பொருள் என்று யாராவது விற்க வந்தால் பேரத்தை அங்கேயே முடித்துவிடலாம்.

பி.பி என்பது காவலர் கைத்துப்பாக்கி என்று பொருள்படும் ஜெர்மன் சொல்லின் சுருக்கம். அது 1929இல் வந்தது. சீருடைக் காவலருக்கு ஏற்ற அளவு, 98 மில்லிமீட்டர் குழல். சீருடை அணியாத குற்றப்புலனாய்வுக் காவலருக்காக அதைச் சுருக்கியதே பி.பி.கே. கடைசி கே குற்றப்புலனாய்வைக் குறிக்கும் சொல்லின் முதல் எழுத்து என்பது பெரும்பாலோர் கருத்து. குட்டை என்று பொருள்படும் சொல்லே அது என்று வாதிடுவோரும் உண்டு.

இவற்றின் பெருமை வடிவத்தைவிடப் பொறியமைப்பில்தான் இருக்கிறது. இவற்றுக்கு முந்தைய சிறு தானியங்கிகளில் தோட்டாவைப் பூட்டி, சுத்தியலையோ ஊசியையோ விறைப்பாக இழுத்து வைத்த நிலையிலேயே சட்டைப் பையில் சுமக்க வேண்டியிருந்தது. பாதுகாப்புத் தாழ் ஒன்றே காவல். வால்தர் செய்த மாற்றத்தில், தோட்டா அறைக்குள் இருக்க, சுத்தியல் தளர்ந்து கிடக்கும். முதல் முறை விசையை இழுக்கும்போது அதே இழுப்பு சுத்தியலைத் தூக்கி விடுவிக்கும். அடுத்தடுத்த சூடுகளுக்கு, துப்பாக்கியின் நகரும் மேல்பகுதியான ஸ்லைடு பின்னே ஓடிச் சுத்தியலைத் தூக்கி வைப்பதால் விசை மென்மையாகிவிடும். ஸ்லைடின் இடப்புறத்துத் தாழை இறக்கினால் ஊசி பூட்டிக்கொண்டு, தூக்கிய சுத்தியல் தீங்கின்றி இறங்கும். தோட்டா அறையில் தோட்டா இருந்தால் சுத்தியலுக்கு மேலே ஒரு சிறு முள் வெளியே நீட்டும். இருட்டிலும் விரலால் தடவித் தெரிந்துகொள்ளலாம். பின்னர் உலகெங்கும் வந்த எத்தனையோ காவல்துறைத் துப்பாக்கிகள் இந்த ஏற்பாட்டைப் பின்பற்றின.

வாங்குபவர் கவனமாகப் பார்க்க வேண்டியதும் இந்த ஏற்பாட்டைத்தான். கையில் எடுத்ததும் முதல் வேலை தோட்டாக்கூட்டை உருவுவது, ஸ்லைடை இழுப்பது, அறையைக் கண்ணால் பார்ப்பது. தோட்டாக்கூட்டை உருவிவிட்டாலும் அறைக்குள் கிடக்கும் தோட்டாவை பி.பி.கே சுட்டுவிடும் என்பதால் இந்த வரிசை மாறவே கூடாது. காலியான துப்பாக்கியின் சுத்தியலைத் தூக்கி வைத்துத் தாழை இறக்கினால், தாழ் முழுதாகக் கீழே வந்த பிறகே சுத்தியல் விழ வேண்டும். பாதி வழியிலேயே விழுந்தால் உள்பாகம் தேய்ந்திருக்கிறது. ஊசி உண்மையில் பூட்டிக்கொள்கிறதா என்பதைக் காட்டப் பட்டறைக்காரர்கள் ஒரு பென்சிலைப் பயன்படுத்துவார்கள். காலித் துப்பாக்கியின் வாயை மேலே நோக்கி வைத்து, ரப்பர் முனை கீழிருக்கும்படி பென்சிலைக் குழலுக்குள் இட்டுத் தாழால் சுத்தியலை இறக்கும்போது பென்சில் அசையக் கூடாது. அசைந்தால் அது ஆபத்தான துப்பாக்கி. எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் தேர்ந்த துப்பாக்கி மெக்கானிக் பார்த்துச் சரிசெய்யும்வரை அதில் தோட்டா போடக் கூடாது. சுத்தியலைத் தூக்கி வைத்த நிலையில் கட்டைவிரலால் முன்னோக்கி அழுத்திப் பார்ப்பதும் வழக்கம். அந்த அழுத்தத்துக்கே அது நழுவினால் விசையின் பற்கள் தேய்ந்துவிட்டன. மென்மையான விசைக்கு ஆசைப்பட்டு முன்னாள் உடைமையாளர் அரம் போட்டிருக்கவும் கூடும்.

பி.பி.கேயில் குழல் சட்டத்தோடு நிலையாகப் பொருத்தப்பட்டது. சுடும் கணத்தில் ஸ்லைடைப் பூட்டி வைக்கும் அமைப்பு எதுவும் இல்லை. ஸ்லைடின் எடையும், குழலைச் சுற்றியிருக்கும் சுருள்வில்லின் விறைப்பும் மட்டுமே தோட்டாவின் உதையைத் தாங்குகின்றன. சுருள்வில் சோர்ந்துவிட்டால் ஒவ்வொரு சூட்டுக்கும் ஸ்லைடு சட்டத்தில் பலமாக மோதும். அதனால் பழைய துப்பாக்கியில் விசைக்காப்பு வளையத்தைக் கீழே இழுத்து, ஸ்லைடைப் பின்னே இழுத்துத் தூக்கிக் கழற்றி, மோதும் இடங்களில் நசுங்கலோ மயிரிழை விரிசலோ இருக்கிறதா என்று பார்ப்பது அவசியம். எடை குறைக்க அலுமினியக் கலவைச் சட்டத்தோடும் சில பி.பி.கேகள் செய்யப்பட்டன. அவற்றில் இந்தச் சோதனைக்கு இரட்டிப்பு முக்கியத்துவம் உண்டு. சுருள்வில்லை மாற்றுவது எளிது, செலவும் குறைவு. விரிசல் விட்ட சட்டத்துக்கு மருந்து இல்லை. குழல் சட்டத்தில் இறுக்கிப் பொருத்தப்பட்டிருப்பதால் கெட்டுப்போன குழலை மாற்றுவதும் பெரிய பட்டறை வேலை.

கைப்பிடியும் ஒரு சான்று. செல்லா-மேலிஸ் பி.பி.கேயின் சட்டத்துக்குப் பின்பக்கத்தில் முழு எஃகு முதுகு கிடையாது. ஒரே வார்ப்பில் செய்த பிளாஸ்டிக் கைப்பிடி மூன்று பக்கமும் சுற்றி வந்து பின்பக்கத்தை மூடும். பி.பியில் பின்முதுகு எஃகாகவே இருக்கும், இரண்டு தனித் தகடுகள் பக்கங்களில் பொருந்தும். அந்தச் சுற்றுக் கைப்பிடி 80, 90 ஆண்டுகளில் காய்ந்து விரிசல் விடும். விரிசல் இல்லாத மூலக் கைப்பிடி அரிது. அதனால்தான் பல துப்பாக்கிகளில் பிற்காலத்துப் போலிக் கைப்பிடிகள் காணப்படுகின்றன. சுடுவதற்கு அது ஒரு குறையல்ல. ஆனால் சேகரிப்பாளர் விலை கேட்கும் துப்பாக்கியில் அது பெரிய குறை.

நாஜி ஆட்சிக் காலம் இந்தத் துப்பாக்கியின் மேல் மிகுதியான எழுத்துகளை விட்டுச் சென்றது. படை ஏற்புக்கு ஒரு முத்திரை, காவல்துறை ஏற்புக்குக் கழுகோடு சி எழுத்து, கட்சிக் கொள்முதல் அலுவலகத்துக்கு வேறொன்று. கட்சித் தலைவர்களுக்கு வழங்கிய சிலவற்றின் கைப்பிடியிலேயே கழுகும் ஸ்வஸ்திகாவும் வார்க்கப்பட்டிருந்தன. ஹிட்லர் 1945 ஏப்ரல் 30 அன்று தற்கொலை செய்துகொண்டது ஒரு பி.பி.கேயால்தான் என்பதும் பரவலாகப் பதிவான செய்தி. போர் முடிந்து ஊர் திரும்பிய நேசநாட்டு வீரர்கள் இவற்றை நினைவுப் பொருளாகக் கொண்டு போனார்கள். அந்த முத்திரைகளுக்கு அமெரிக்கச் சந்தையில் பெரும் விலை கிடைத்தது. விலை வந்த இடத்தில் கள்ள முத்திரையும் வந்தது. சாதாரண வணிகத் துப்பாக்கியில் கழுகைக் குத்தி, புதிதாக வார்த்த கைப்பிடியை மாட்டிவிடுவது கடினமான வேலை அல்ல. இப்படிப்பட்ட முத்திரைக்காக ஒரு ரூபாய்கூட அதிகம் தராமல், அது இல்லாததுபோல் எண்ணி மீதித் துப்பாக்கியை மதிப்பிடுவதே பாதுகாப்பான வழி.

அந்தக் காலத்தின் இன்னொரு பக்கத்தையும் மறைக்க முடியாது. போர் ஆண்டுகளில் வால்தர் நிறுவனம் வதைமுகாம் கைதிகளின் உழைப்பைப் பயன்படுத்தியது. ஹம்பர்க் அருகே நொயென்காமே முகாமில் வால்தரின் துப்பாக்கித் தொழிலுக்காகக் கட்டப்பட்ட கட்டடம் இன்றும் நினைவிடத்தின் பகுதியாக நிற்கிறது. போர்க்காலத் துப்பாக்கிகளை வெறும் சேகரிப்புப் பொருளாகப் பேசும்போது அந்தக் கட்டடத்தையும் சேர்த்தே நினைக்க வேண்டும்.

போர் முற்ற முற்றத் துப்பாக்கியின் தரமும் வெளித்தோற்றத்தில் இறங்கியது. 1930களின் பி.பி.கேயில் எஃகு கண்ணாடிபோல் மெருகேற்றப்பட்டு, அதன்மேல் ஆழ்ந்த நீலநிறம் ஏற்றப்பட்டிருந்தது. கடைசி ஆண்டுகளில் அரைப்புக் கோடுகள் அப்படியே தெரியும்படி வெளியே அனுப்பினார்கள். தோட்டா இருப்பதைக் காட்டும் முள்ளும் கைவிடப்பட்டது. எனவே 1944ஆம் ஆண்டுத் துப்பாக்கி ஒன்று முகம் பார்க்கும் அளவுக்குப் பளபளத்தால் மகிழக் கூடாது, சந்தேகப்பட வேண்டும். யாரோ பிற்காலத்தில் துருவைத் தேய்த்து எடுத்து மறுபடி நீலமேற்றியிருக்கிறார்கள். அப்படிச் செய்த துப்பாக்கியில் எழுத்துகளின் விளிம்புகள் மழுங்கி, முத்திரைகள் ஆழம் குறைந்து, கூர்மையாக இருக்க வேண்டிய ஓரங்கள் உருண்டு போயிருக்கும். தட்டையான பரப்பு விளக்கொளியில் அலை அலையாகத் தெரியும்.

செல்லா-மேலிஸை 1945 ஏப்ரலில் அமெரிக்கப் படை பிடித்தது. ஜூலையில் துரிங்கியா சோவியத் வசம் போனது. தொழிற்சாலை இல்லாமலாயிற்று. மேற்கே தப்பிவந்த ஃபிரிட்ஸ் வால்தரிடம் காப்புரிமைகளும் வரைபடங்களும் மட்டுமே மிஞ்சின. ஜெர்மனியில் ஆயுதம் செய்ய நேசநாடுகள் தடை விதித்திருந்ததால், அவர் கணக்கிடும் இயந்திரங்கள் செய்து பிழைத்தார். கைத்துப்பாக்கி செய்யும் உரிமத்தைப் பிரான்சின் அல்சாஸ் பகுதியில், மியூலூஸ் நகரில் இருந்த மானுரின் நிறுவனத்துக்குக் கொடுத்தார். 1950களின் தொடக்கத்திலிருந்து 1980களின் நடுப்பகுதிவரை பி.பி வகைத் துப்பாக்கிகள் மானுரின் கையில் உருவாயின.

வால்தர் மேற்கு ஜெர்மனியின் உல்ம் நகரில் புதிய தொழிற்சாலை திறந்த பிறகும் இந்த ஏற்பாடு தொடர்ந்தது. மியூலூஸில் செய்த பாகங்கள் உல்முக்கு வந்து, அங்கே முடிக்கப்பட்டு, வால்தர் உல்ம் என்ற பெயரோடு விற்பனைக்குப் போயின. உல்ம் என்று எழுதியிருப்பதாலேயே ஒன்றை மானுரினைவிட உயர்ந்தது என்று அதிக விலை கேட்பவர்களுக்கு இந்த வரலாறே பதில். இரண்டும் ஒரே கைவண்ணம். மானுரின் பெயர் தாங்கிய துப்பாக்கி மலிவாகக் கிடைத்தால் அதுவே நல்ல பேரம்.

உல்ம் சோதனைச் சாலையின் அடையாளம் மான் கொம்பு. அதோடு ஆண்டைக் குறிக்கும் இரண்டு எழுத்துகளும் குத்தப்பட்டன. ரோமானிய நெடுங்கணக்கின் முதல் எழுத்து சுழியம், அடுத்தது 1 என்று போகும் கணக்கு அது. ஜே எழுத்தை விட்டுவிட்டு, கே எழுத்து 9. அதன்படி எச், ஐ என்று இருந்தால் 1978. இந்த எளிய குறியீடு தெரிந்தவரிடம் ஆண்டை மாற்றிச் சொல்லி விற்க முடியாது.

பி.பி.கேயின் அடுத்த பிறவிக்குக் காரணம் ஒரு சட்டம். அமெரிக்காவில் 1968இல் வந்த துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டம், மறைத்து வைக்கத்தக்க சிறு கைத்துப்பாக்கிகளை இறக்குமதி செய்வதற்கு அளவுகளை விதித்தது. பி.பி.கே அதில் தேறவில்லை. இயன் ஃபிளெமிங்கின் ஜேம்ஸ் பாண்ட் நாவல்களாலும் 1962இல் தொடங்கிய திரைப்படங்களாலும் இந்தத் துப்பாக்கிக்குப் பெயர் உச்சத்தில் இருந்த நேரம் அது. வால்தர் பி.பியின் உயரமான சட்டத்தில் பி.பி.கேயின் குட்டைக் குழலையும் ஸ்லைடையும் பொருத்தி பி.பி.கே/எஸ் என்ற கலப்பை உருவாக்கியது. தோட்டாக்கூட்டில் ஒரு தோட்டா கூடியது, பின்முதுகு எஃகானது. உள்நாட்டில் செய்வதற்கு அந்த அளவுத் தடை இல்லாததால், இன்டர்ஆர்ம்ஸ் நிறுவனம் 1978 முதல் அலபாமாவின் காட்ஸ்டனில் பி.பி.கே/எஸ் செய்ய வைத்தது. 1986இல் பி.பி.கேயும் அங்கே தொடங்கியது. இவற்றின் மேல் வர்ஜீனியாவின் அலெக்சாண்ட்ரியா என்ற ஊர்ப்பெயர் இருக்கும். அமெரிக்காவில் அரசுச் சோதனை கட்டாயமில்லை என்பதால் ஐரோப்பிய முத்திரைகளைத் தேடிப் பயனில்லை. தோட்டா ஒழுங்காக ஏறுகிறதா, காலிக் கூடு ஒழுங்காக வெளியேறுகிறதா என்று சுட்டுப் பார்த்தே முடிவு செய்ய வேண்டும்.

இன்டர்ஆர்ம்ஸ் 1999இல் நின்றது. 2002இல் ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் நிறுவனம் உற்பத்தியை எடுத்துக்கொண்டது. இந்தக் காலத்துத் துப்பாக்கி ஒன்றை வாங்குபவர் கட்டாயம் அறிய வேண்டிய செய்தி உண்டு. 2002 மார்ச்சிலிருந்து 2009 பிப்ரவரி தொடக்கம்வரை அனுப்பப்பட்ட பி.பி.கே, பி.பி.கே/எஸ் அனைத்தையும் அந்த நிறுவனமே திரும்ப அழைத்தது. சுத்தியலை இறக்கும்போது தோட்டா வெடித்துவிடக்கூடிய வாய்ப்பு இருப்பது தெரியவந்ததே காரணம். இலவசமாகச் சரிசெய்து திருப்பி அனுப்பினார்கள். சரிசெய்ததற்கான சான்று விற்பவரிடம் இருக்க வேண்டும். இல்லையென்றால், தொடர் எண்ணைக் கொண்டு உறுதிசெய்யும்வரை பணம் கைமாறக் கூடாது.

குழலின் உட்புறத்தைப் பற்றியும் ஒரு வரலாறு உண்டு. பழைய தோட்டாக்களின் தீப்பொறிக் கலவையில் பொட்டாசியம் குளோரேட் இருந்தது. சுட்டபின் அது விட்டுச்செல்லும் உப்பு, காற்றின் ஈரத்தை உறிஞ்சிக் குழலை அரித்தது. ஜெர்மனியில் சினாக்சிட் என்ற அரிக்காத கலவை 1928இல் சந்தைக்கு வந்துவிட்டது. எனவே ஜெர்மன் வணிகத் தோட்டாக்களையே சுட்டு வந்த பி.பி.கேயின் குழல், அதே வயதுடைய வேறு பல துப்பாக்கிகளின் குழலைவிட நல்ல நிலையில் இருக்க வாய்ப்புண்டு. ஆனாலும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தே தீர வேண்டும். சுழல் பள்ளங்கள் கூர்மையாகத் தெரிய வேண்டும். லேசான கருமையும் சிறு புள்ளிகளும் பெரிதும் பாதிக்காது. நடுவில் ஒரு இருண்ட வளையம் தெரிந்தால், முன்பு சிக்கிய குண்டின் மேல் இன்னொன்று சுடப்பட்டு அந்த இடம் புடைத்திருக்கிறது என்று பொருள். அந்தத் துப்பாக்கியை விட்டுவிடுவதே நல்லது.

இவற்றில் பெரும்பான்மை 7.65 மில்லிமீட்டர் பிரௌனிங் தோட்டாவுக்கானவை. இந்தியத் துப்பாக்கி உரிமங்களில் பாயிண்ட் 32 என்று எழுதப்படுவது இதைத்தான். 9 மில்லிமீட்டர் குட்டைத் தோட்டாவுக்கானவை குறைவு, உதையும் கூடுதல். எந்தத் தோட்டா என்பது ஸ்லைடிலேயே பொறிக்கப்பட்டிருக்கும். இந்தியாவில் 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி உரிமம் உள்ளவர்களுக்குள் மட்டுமே, முறையான பதிவோடு, இப்படி ஒரு துப்பாக்கி கைமாற முடியும். உரிமத்தில் எழுதியிருக்கும் எண்ணும் துப்பாக்கியின் சட்டத்தில் பொறித்த எண்ணும் ஒரு எழுத்துகூடப் பிசகக் கூடாது. அழித்துப் பொறித்த தடயம் தெரிந்தால் அது விலைப் பிரச்சினை அல்ல, குற்றவழக்கு.

செல்லா-மேலிஸில் இன்று வால்தர் தொழிற்சாலை இல்லை. உல்முக்குக் குடிபெயர்ந்த நிறுவனத்தை 1993இல் உமாரெக்ஸ் வாங்கியது. ஆனால் முடியும் என் எழுத்தும் குத்தப்பட்ட அந்தப் பழைய சோதனைச் சாலை இடிக்கப்படவில்லை. அது இப்போது நகர அருங்காட்சியகம்.